முதுகில் சுமந்த பரண்

வேட்டைச் சாமான் கடைக்காரர் முதலில் என் கணவரைப் பார்த்தே பேசினார். "உங்கள் எடை என்ன? எவ்வளவு உயரம் ஏற நினைக்கிறீர்கள்? உங்கள் பக்கத்துக் காட்டில் என்ன மரங்கள் நிற்கின்றன?" என்று ஜெர்மனில் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். என் கணவர் இரண்டு கைகளையும் காற்சட்டைப் பைக்குள் விட்டபடி சிரித்தார். அவர் செவ்வாயும் வெள்ளியும் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர். வாழ்நாளில் ஒரு மானைக் குறிபார்த்ததில்லை. சின்ன வயதில் மாமரத்தில் ஏறி இறங்கத் தெரியாமல் அழுததாக அவரே சொல்லியிருக்கிறார்.

"ஏறப்போவது என் மனைவி," என்று என்னைக் காட்டினார்.

கடைக்காரர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை, நான் அவ்வளவு உயரமில்லை. "அப்படியா," என்று சொல்லிவிட்டு எங்களை வேறொரு அலமாரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

நான் பீலெஃபெல்டில் ஒரு மருத்துவமனையில் தாதி. பல வருடங்கள் விபத்துப் பிரிவில் வேலை செய்தேன். இரவு வேலை உடம்புக்கு ஒத்துவராமல் போனதும் என்னை அலுவலகத்துக்கு மாற்றினார்கள். வீட்டுக்குப் போகத் தயாரான நோயாளிகளுக்குச் சக்கர நாற்காலி, பராமரிப்பு, முதியோர் இல்லத்தில் இடம் என்று தொலைபேசியில் ஒழுங்கு செய்துகொடுக்கிற வேலை. எல்லோரும் நல்ல மாற்றம் என்றார்கள். ஆனால் நாள் முழுதும் கதிரையில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது. குசினியிலிருந்து பல்கனிக்கும் பல்கனியிலிருந்து குசினிக்கும் நடப்பேன். மகள் படிப்புக்காகப் பெர்லினுக்குப் போய்விட்டிருந்தாள். அவளுடைய அறையைப் பிரித்து அடுக்கினேன், அடுக்கியதைத் திரும்பவும் பிரித்தேன்.

"இஞ்சாரும், ஒரு அஞ்சு நிமிசம் ஒரு இடத்திலை இரும்," என்பார் கணவர். "பார்க்க எனக்குத் தலை சுத்துது."

அந்த நேரத்தில்தான் கூட வேலை செய்கிற ஒரு ஜெர்மன் பெண் வேட்டை அனுமதிப் பத்திரத்துக்கான வகுப்புக்குப் போகிறேன் என்றாள். சனி ஞாயிறுகளில் வெளியே போக ஒரு காரணம் கிடைத்ததே என்று நானும் சேர்ந்தேன். மரங்கள், பறவைகள், மிருகங்களுக்கு வரும் நோய், சட்டம், துவக்கால் சுடுவது என்று படிக்க அவ்வளவு இருந்தது. அவள் பாதியில் விட்டுவிட்டாள். எனக்கு விட மனமில்லை. பரீட்சையில் தேறினேன்.

துவக்கு வாங்கினால் வீட்டில் அதற்கென்று ஓர் இரும்புப் பெட்டி இருக்கவேண்டும். அதைச் சுவரோடு சேர்த்துப் பூட்டுகிறவர்கள் வந்த நாளில் என் கணவர் பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் ஒன்பது வயதில் அம்மாவோடு இங்கே வந்தவள். அவர் ஊர்ச் சண்டைக்குள் இருந்துவிட்டு இருபது தாண்டிய பிறகு வந்தவர். துவக்கைப் பற்றி அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரிந்ததைவிடக் கூட. வேலையாட்கள் போனபிறகு உள்ளே வந்து, "அது பூட்டிக் கிடந்தால் காணும். எனக்குக் காட்டவேண்டாம்," என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நான் வேட்டைக்குப் போவது நகரத்துக்கு வெளியே ஒரு மலைச்சரிவில். அந்தச் சரிவின் வேட்டை உரிமையைக் குத்தகைக்கு எடுத்திருப்பவள் என் வயதுள்ள ஒரு பெண். குதிரை லாயம் வைத்திருக்கிறாள். நீளமான கை, குறைவான பேச்சு. தனக்கு உதவிக்கு ஓர் ஆள் தேவை என்று எனக்கு அனுமதி எழுதித் தந்தாள். மழையில்லாத கோடைகளும் பட்டை துளைக்கிற வண்டுகளும் சேர்ந்து அந்தச் சரிவிலிருந்த ஊசியிலை மரங்களைக் கொன்றுவிட்டிருந்தன. வெட்டி எடுத்த இடத்தில் ஓக் கன்றுகள் நட்டிருந்தார்கள். அவற்றின் நுனியை மான்கள் கடித்துவிடும். ரே என்று இங்கே சொல்லும் சின்ன மான். ஆட்டைவிடக் கொஞ்சம்தான் பெரிது. நுனி போன கன்று மேலே வளராமல் புதராகிப் போகும். அதனால் வருடாவருடம் இத்தனை மான் சுடவேண்டும் என்று காட்டுச் சொந்தக்காரர்களிடமிருந்து அவளுக்கு நெருக்குதல்.

ஆனால் சுடுவதற்கு உட்கார இடமில்லை. இங்கே பரண் கட்டி அதிலிருந்துதான் சுடுவார்கள். மேலிருந்து கீழ்நோக்கிச் சுட்டால் தவறிய குண்டு மண்ணுக்குள் போகும். தரையில் நின்று சுட்டால் அது எங்கே போகுமென்று சொல்ல ஏலாது, எங்கள் சரிவுக்குப் பின்னால் ஆட்கள் நாயோடு நடக்கிற பாதை வேறு இருக்கிறது. பழைய பரண்களெல்லாம் செத்த மரங்களுக்குப் பக்கத்தில் நின்றபடியால் அவற்றையும் பிரித்துவிட்டார்கள்.

"புதிதாகக் கட்ட இந்த வருடம் எனக்கு ஆளும் இல்லை நேரமும் இல்லை," என்றாள் குதிரைக்காரி. "முதுகில் தூக்கிக்கொண்டு போய் மரத்தில் மாட்டுகிற சாமான்கள் வந்திருக்கின்றன. ஒன்றை வாங்கு. எங்கே வேண்டுமோ அங்கே ஏறு."

எங்கே வேண்டுமோ அங்கே. அந்தச் சொல் எனக்குப் பிடித்துப்போனது.

கடையில் எங்களுக்கு மூன்று வகை காட்டினார்கள். ஒன்று முழு ஏணி, உச்சியில் இருக்கையோடு. அதை இரண்டு பேர் தூக்கவேண்டும் என்பதால் நான் கிட்டவும் போகவில்லை. மற்றது இரண்டு துண்டாக இருக்கிற அலுமினியச் சட்டம். ஒரு துண்டில் உட்கார வேண்டும், மற்றதில் காலை மாட்டவேண்டும். இரண்டும் மரத்தைச் சுற்றிப் பிடிக்கும். உட்கார்ந்து காலை மேலே இழுத்து, எழுந்து இருக்கையை மேலே தள்ளி, இப்படியே புழு மாதிரி ஏறலாம். மூன்றாவது, ஒரு முழ நீளமுள்ள ஏணித் துண்டுகள் சிலவும், இடுப்பில் கட்டுகிற ஒரு பட்டியும். ஏணித் துண்டுகளை ஒன்றுக்கு மேல் ஒன்றாக மரத்தில் பட்டிபோட்டு இறுக்கி ஏறி, உச்சியில் இடுப்புப் பட்டியைக் கயிற்றால் மரத்தோடு கட்டிச் சாய்ந்து தொங்கவேண்டும். அதைக் குதிரைச் சேணத்தின் பெயராலேயே அழைக்கிறார்கள்.

என் கணவர் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பொருத்துகிற வேலை செய்கிறார். வேட்டை அவருக்குப் பிடிக்காது. ஆனால் ஒரு திருகாணியைக் கண்டால் கை சும்மா இராது. இரண்டு துண்டுச் சட்டத்தைத் தூக்கிப் பார்த்தார், மரத்தைக் கவ்வுகிற பற்களைத் தடவினார், கீலை மடக்கி விரித்தார்.

"உது எங்கடை தளைநார்தானே," என்றார் என்னிடம் தமிழில். "பனை ஏறுறவை காலிலை போடுறது. அதைத்தான் பெருப்பிச்சு வைச்சிருக்கிறாங்கள்."

"எதை எடுக்க?"

"இதிலை கதிரை மாதிரி இருக்கலாம். அதிலை தொங்கவெல்லோ வேணும். நீர் தொங்குறதைப் பார்க்க எனக்கு ஏலாது."

கதிரையை எடுத்தோம்.

மாடிப்படியில் அதை முதுகில் போட்டுக்கொண்டு ஏறியபோது கீழ்வீட்டு அக்கா கதவைத் திறந்தார். முப்பது வருடமாக அந்தக் கட்டிடத்தில் இருப்பவர். யார் என்ன சாமான் கொண்டுவருகிறார்கள் என்று பார்க்காமல் விடமாட்டார்.

"உதென்ன பிள்ளை, நோயாளியளைத் தூக்குற சாமானோ?"

"இல்லை அக்கா, மரம் ஏறுறதுக்கு."

அவர் என் கணவரைப் பார்த்தார். கணவர் ஓம் என்று தலையாட்டினார். அக்கா வேறு எதுவும் கேட்காமல் கதவை மெதுவாகச் சாத்தினார்.

அந்தச் சட்டம் எங்கள் சரிவுக்குச் சரிவரவில்லை. அதற்குக் கிளை இல்லாத நேரான மரம் வேண்டும், அதுவும் மட்டான பருமனில். எங்கள் சரிவின் ஓரத்தில் மிஞ்சியிருந்தவை பூஹெ என்கிற கிழட்டு மரங்கள். யானைக்கால் மாதிரிச் சாம்பல் நிறத்தில் வழவழவென்று நிற்கும். சட்டத்தால் அவற்றைச் சுற்றிப் பிடிக்கவே முடியவில்லை. ஓக் மரங்களோ தலைக்கு மேலேயே கிளை விட்டிருந்தன. கடைசியில் லாயத்துக்குப் பின்னால் நின்ற ஒரு மரத்தில் ஏறிப் பார்த்தேன். ஒவ்வொரு அடிக்கும் சட்டம் கடகடவென்று சத்தம் போட்டது. குதிரைகள் மிரண்டு சுவரை உதைத்தன. குதிரைக்காரி லாய வாசலில் நின்று, "இறங்கு," என்று மட்டும் சொன்னாள்.

கடைக்காரர் முகத்தைச் சுளித்தாலும் மாற்றித் தந்தார். ஏணித் துண்டுகளோடு வீட்டுக்கு வந்தோம். இருந்ததில் சின்ன அளவுப் பட்டியும் எனக்குப் பெரிதாக இருந்தபடியால் இன்னும் சின்னதைச் சொல்லி எடுப்பிக்கவேண்டி வந்தது. காத்திருந்த நாட்களில் என் கணவர் பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி, ஏணித் துண்டுகளின் விளிம்புகளில் இறுக்கிச் சுற்றினார். கொளுக்கிகளுக்குத் துணிநாடா ஒட்டினார். பிறகு எல்லாவற்றையும் பையில் அடுக்கி, அதைக் குலுக்கிக் காது கொடுத்துக் கேட்டார். எங்காவது ஒரு சின்னக் கிணுக்கென்ற சத்தம் வந்தால் திரும்பவும் பிரித்தார்.

"வள்ளியைப் பெத்தது மான் எண்டு தெரியுமெல்லே உமக்கு," என்றார் நாடாவை வெட்டிக்கொண்டே.

"தெரியும். அவவைத் தேடி வந்தவர் என்ன வேசத்திலை வந்தவர்?"

"வேடன்ரை வேசத்திலை."

"பேந்தென்ன?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "வந்தவர்தான். ஆனால் மானைச் சுட்டதாக் கதையிலை இல்லை."

"நானும் இன்னும் சுடேல்லை."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாடாவின் நுனியைப் பல்லால் கடித்து அறுத்தார்.

செப்டெம்பரில் நான் போகத் தொடங்கினேன். வேலை முடிந்ததும் வீட்டுக்கு ஓடிவருவேன். காட்டுக்குப் போடுகிற சட்டையைப் பல்கனியில் காயவிட்டிருப்பேன், தாளித்த மணம் அதில் ஏறக்கூடாது என்பதற்காக. காரை லாயத்தில் விட்டு, முதுகில் பையும் தோளில் துவக்குமாகச் சரிவில் ஏறுவேன். பை கனம். ஏணித் துண்டுகள் முள்ளந்தண்டில் குத்தும். ஏறிமுடிய முதுகெல்லாம் வியர்த்து, இவ்வளவு மணத்தோடு மான் எங்கே வரப்போகிறது என்று எனக்கே தோன்றும்.

மரத்தடியில் துவக்கில் குண்டு இல்லை என்று பார்த்து, ஒரு சின்னக் கயிற்றில் கட்டிவிட்டு நான் முதலில் ஏறுவேன். மேலே போய்ப் பட்டியைக் கட்டிக்கொண்ட பிறகுதான் அதை இழுத்தெடுக்கலாம். எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். தொங்குவதும் நினைத்ததைவிடச் சுகமாக இருந்தது. பிரச்சினை அதற்குப் பிறகுதான்.

மேலே இருந்தால் மற்ற மரங்கள் தெரிந்தன. இந்த ஓக்கிலிருந்து பார்க்கும்போது அந்த லார்ச் மரம்தான் சரியான இடத்தில் நிற்பது போலிருக்கும். அங்கேயிருந்தால் கன்றுகள் முழுதும் தெரியும், இங்கே ஒரு கிளை மறைக்கிறது. காற்று கன்னத்தில் படும். இப்போது காற்று மாறிவிட்டது, என் மணம் நேரே கன்றுகளுக்குள் போகிறது, இனி இங்கே இருந்து பிரயோசனமில்லை என்று மனம் சொல்லும். பழைய மாதிரி கட்டிய பரணாக இருந்தால் வேறு வழியில்லாமல் இருந்திருப்பேன். முதுகில் தூக்கக்கூடியதாக இருந்தபடியால் இறங்கினேன். துவக்கை இறக்கி, கயிற்றை அவிழ்த்து, ஏணித் துண்டுகளைக் கழற்றி, பையில் அடுக்கி, லார்ச்சுக்கு நடந்து, திரும்பவும் ஏறினேன். ஏறி முடிய, முதல் நின்ற ஓக்குக்குக் கீழே ஒரு மான் நின்றது. நான் துவக்கை இழுக்க அது நாய் மாதிரி ஒரு தரம் குரைத்துவிட்டுப் போய்விட்டது. ரே மான் பயந்தால் குரைக்கும்.

ஒரு மாலை மட்டும் இப்படி நடந்திருந்தால் பரவாயில்லை. வாரக்கணக்காக நடந்தது. அலுவலகத்தில் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டே எந்த மரம் என்று யோசிப்பேன். முதியோர் இல்லத்து ஆள் மறுமுனையில், "கேட்கிறதா?" என்பார். ஊருக்குள் காரோட்டும்போது தெருவோர மரங்களின் பருமனைப் பார்ப்பேன். இதைப் பட்டி சுற்றிப் பிடிக்குமா, எத்தனை துண்டு தேவை. போனதரம் லார்ச்சிலிருந்து கண்ட இடத்துக்கு இந்தத் தரம் போவேன். அங்கே போனால் அது வேறு மாதிரி இருக்கும்.

"நேற்று உன்னை மூன்று மரங்களில் பார்த்தேன்," என்றாள் குதிரைக்காரி ஒருநாள். எதிர்ப்பக்க வயலிலிருந்து தொலைநோக்கியால் பார்த்திருக்கிறாள்.

"காற்று மாறியது."

"மான்களும் பார்த்திருக்கும்," என்றாள். குதிரையின் காலைத் தூக்கிக் குளம்பைச் சுரண்டியபடி, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். "அங்கே கன்றுகளில் பாதிக்கு நுனி இல்லை. எனக்கு யாராவது ஒருத்தர் உட்கார்ந்திருக்கவேண்டும்."

அது எனக்குச் சுட்டது. அடுத்த சனிக்கிழமை நேரத்தோடு போனேன். சூரியன் நன்றாக மேலே இருந்தது. வழக்கமான ஓரத்து மரங்களையெல்லாம் விட்டுவிட்டு, கன்றுகளுக்கு நடுவே தனியாக மிஞ்சியிருந்த ஓர் ஊசியிலை மரத்துக்குப் போனேன். அதன் உச்சி மண்ணிறமாகத்தான் இருந்தது. ஆனால் கீழே பட்டை முழுதாக இருந்தது, நேராக, பட்டிக்கு அளவான பருமனில் நின்றது. இதற்கு மேல் நல்ல இடம் அந்தச் சரிவிலேயே இல்லை. செத்த மரத்தில் ஏறாதே என்று வகுப்பில் சொன்னது ஞாபகத்தில் இருந்தது. இது இன்னும் சாகவில்லை என்று எனக்கு நானே சொன்னேன்.

முதல் துண்டு நன்றாகப் பிடித்தது. இரண்டாவதை இறுக்கி, மரத்தைச் சுற்றிக் கயிற்றைப் போட்டுக்கொண்டு அதில் ஏறி நின்றேன். தட்டிப் பார்த்தபோது வெறும் பெட்டியைத் தட்டியது போல ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தம் என்னவென்று யோசிக்கும் முன்னே காலுக்குக் கீழே ஒரு முழுப் பாளமாகப் பட்டை கழன்றது. ஏணித் துண்டும் பட்டியும் பட்டையும் நானும் சேர்ந்து வழுக்கினோம். இடுப்புக் கயிறு என்னை மரத்தோடு சேர்த்து இழுத்தபடியால் பின்பக்கமாக விழவில்லை. முன்பக்கமாக, கீழ்த்துண்டின் விளிம்பில் நெஞ்சு இடிக்க விழுந்தேன்.

கொஞ்ச நேரம் மூச்சு வரவில்லை. பிறகு வந்தது, ஒவ்வொன்றும் குத்திக்கொண்டு. மண்ணில் படுத்தபடி, கால்விரல்களை அசைத்தேன். கழுத்தைத் தொட்டேன். வயிற்றை அமுக்கிப் பார்த்தேன். செர்ரி பறிக்க ஏறி விழுந்தவர்கள், கூரையில் ஏறி விழுந்தவர்கள், பரணிலிருந்து விழுந்தவர்கள் என்று எத்தனையோ பேருக்கு நானே இதைச் செய்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலானவர்கள் அதிக உயரத்திலிருந்து விழுந்தவர்களில்லை. மரம் பட்டை இல்லாமல் நின்றது. பட்டை இருந்த இடம் முழுதும் வண்டுகள் துளைத்த கோடுகள் நுணுக்கமாக ஓடியிருந்தன.

அவசர ஊர்தியைக் கூப்பிட்டிருக்கலாம். கணவரைக் கூப்பிட்டேன்.

"என்னப்பா, நான் விழுந்துபோனன். பயப்படாதேங்கோ. மூச்சு விடுறன், கதைக்கிறன்."

"எங்கை?" என்று மட்டும் கேட்டார். போவதற்கு முன் எந்தப் பக்கம் போகிறேன் என்று எப்போதும் சொல்லிவிட்டுப் போவேன். அதனால் அதிகம் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

அவர் அந்தக் காட்டுக்குள் முதன்முதலாக வந்தது அன்றைக்குத்தான். வேலைக்குப் போடுகிற சப்பாத்தோடு, முட்புதருக்குள் நேரே நடந்து வந்தார். என் முகத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு மரத்தைப் பார்த்தார்.

"இதிலையோ ஏறினீர்?"

"ஓம்."

அவர் பட்டையில் ஒரு துண்டைக் காலால் தள்ளினார். என்னை ஏசவில்லை. ஏணித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டுத் தன் முதுகில் ஏற்றினார். மரத்தடியில் துவக்கு கிடந்தது. அதை எடுக்கக் குனிந்தவரை நான் தடுத்தேன். "அனுமதி இல்லாத ஆள் தொடக்கூடாது. நான்தான் கொண்டுவரவேணும்."

"உம்மாலை ஏலாதே."

"ஏலும்."

அப்படியே போனோம். அவர் முன்னால் பையோடு, நான் பின்னால் ஒரு கையால் நெஞ்சைப் பிடித்தபடி மற்றக் கையில் வெறும் துவக்கோடு. அவர் நடக்கிற சத்தத்துக்குக் காடே எழும்பியிருக்கும். பாதை திரும்புகிற இடத்தில் இரண்டு மான்கள் நின்று எங்களைப் பார்த்தன. ஓடவில்லை. நாங்கள் போய்முடியும்வரை காத்திருந்துவிட்டுத் தலையைக் குனிந்து மேயத் தொடங்கின.

"இதுகளைத்தானே நீர் தேடுறனீர்," என்றார் அவர்.

ஒரு விலா எலும்பில் வெடிப்பு. என்னோடு வேலை செய்த மருத்துவர்தான் படத்தைப் பார்த்தார். "மரத்திலிருந்தா?" என்று இரண்டு தரம் கேட்டார். பாரம் தூக்கக்கூடாது, ஆறும்வரை சும்மா இரு என்றார். சும்மா இருப்பதுதான் எனக்குத் தெரியாத வேலை. படுத்தால் குத்தியது, இருந்தால் குத்தியது, நடந்தால் கொஞ்சம் குறைவாகக் குத்தியது, அதனால் நடந்தேன். வாசலோரம் அந்தப் பை சாய்ந்து நின்றது. அதைத் தாண்டித்தான் குளியலறைக்குப் போகவேண்டும். ஒவ்வொரு தரமும் அதன் பட்டியைச் சரிசெய்தேன். கணவர் அதை நிலவறைக்குக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மகள் பெர்லினிலிருந்து தொலைபேசியில், "அம்மா, நீங்கள் ஏன் பின்னல் பழகக்கூடாது?" என்றாள்.

நவம்பர் பிறந்து இலைகள் கொட்டிய பிறகு, இனிப் போகலாம் என்று மருத்துவர் சொன்னார். பாரம் மட்டும் இன்னும் வேண்டாமாம்.

"நான் தூக்கிவாறன்," என்றார் கணவர். "மரத்தடியிலை வைச்சிட்டுக் காருக்குப் போயிடுவன். முடிஞ்சதும் எடும் போனை."

அவர் அப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஏன் என்று கேட்டால் மாறிவிடுவாரோ என்று கேட்காமல் விட்டேன்.

அந்த மாலை சரிவின் ஓரத்தில் ஓர் உயிருள்ள ஓக்கின் அடியில் பையை இறக்கிவைத்தார். தண்டில் உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார். பிறகு திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார். நான் ஏறத் தொடங்கினேன். கையை உயர்த்திப் பட்டியை இழுக்கும்போதெல்லாம் விலாவில் நெருப்பு வைத்தது போலிருந்தது. ஒரு துண்டு ஏறி, மரத்தில் நெற்றியை வைத்து மூச்செடுத்து, அடுத்த துண்டு ஏறினேன். உச்சிக்குப் போய்ப் பட்டியில் சாய்ந்தபோது கண்ணில் தண்ணீர் நின்றது.

மூச்சு அடங்கியதும் சுற்றிப் பார்த்தேன். எதிரில் ஒரு லார்ச் மரம் நின்றது. அங்கேயிருந்து இதைவிட நன்றாகத் தெரியும். காற்றும் அந்தப் பக்கத்துக்குத்தான் நல்லது. இறங்கலாமா என்று நினைத்தேன். இறங்கினால் திரும்பவும் ஏறவேண்டும். அதை நினைக்க விலா நொந்தது. இருந்தேன்.

அமைதியாக இருந்தேன் என்று சொல்லமாட்டேன். கால் மரத்தது. சப்பாத்துக்குள் விரல்களை மடக்கி நீட்டினேன். குசினியில் அடுப்பை நிறுத்தினேனா என்று நினைத்தேன். திங்கட்கிழமை யாருக்கு எந்த இல்லத்தில் இடம் கேட்கவேண்டும் என்று நினைத்தேன். லார்ச்சைப் பார்த்தேன், பார்க்கக்கூடாதென்று மற்றப் பக்கம் பார்த்தேன், திரும்பவும் பார்த்தேன். ஒரு மரங்கொத்தி வந்து என் மரத்தில் பக்கவாட்டில் ஏறி, என்னைக் கண்டதும் போனது.

வெளிச்சம் இன்னும் நன்றாக இருக்கும்போதே ஒரு தாய் மானும் குட்டியும் கன்றுகளுக்குள் வந்தன. குட்டிக்குப் புள்ளியெல்லாம் மறைந்து மாரிகாலத்துச் சாம்பல் மயிர் முளைத்திருந்தது. இரண்டும் வந்தால் குட்டியைத்தான் முதலில் சுடவேண்டும். தாயைச் சுட்டால் குட்டி தனித்துப்போகும். வகுப்பில் இதை எழுதி வைத்தபோது சுலபமாக இருந்தது. குட்டி ஒரு கன்றின் நுனியைக் கடித்தது. மென்றபடி தலையை உயர்த்திப் பக்கவாட்டில் நின்றது. அதற்குப் பின்னால் ஏற்றமான மண் மட்டும் இருந்தது. துவக்கின் அடிக்கட்டையைத் தோளில் வைத்தேன். விலா நொந்தது. சுட்டேன்.

குட்டி நின்ற இடத்திலேயே விழுந்தது. தாய் பாய்ந்தோடி ஓரத்தில் நின்றது. பிறகு திரும்பி வந்தது. குட்டியிடம் வந்து மூக்கை நீட்டி நின்றது. அதையும் சுடலாம். சட்டம் அதற்கு இடம் தருகிறது, குதிரைக்காரியும் அதைத்தான் எதிர்பார்ப்பாள். இரண்டாவது குண்டு துவக்கில் இருந்தது. நான் துவக்கைத் தாழ்த்திவிட்டேன். தாய் அங்கேயே நின்றது. நான் அசையாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அது மெதுவாக நடந்து போனது.

தொலைபேசி அதிர்ந்தது. அவர்தான்.

"சத்தம் கேட்டது," என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. "உமக்கு ஒண்டும் இல்லையே?"

"இல்லை. நான் நல்லா இருக்கிறன். நீங்கள்?"

"காருக்குள்ளை சீற்றுக்குக் கீழை குனிஞ்சு போனன். யோசிக்கவே இல்லை, உடம்பு தானாக் குனிஞ்சிட்டுது. இப்ப நிமிர்ந்திட்டன்."

"வரவேண்டாம். நான் குதிரைக்காரியைக் கூப்பிடுறன்."

"இல்லை, வாறன். பை இருக்கெல்லே."

நான் இறங்கி முடியும்போது அவர் வந்துவிட்டார். ஏணித் துண்டுகளைக் கழற்றத் தொடங்கினார். கொளுக்கி ஒன்றும் சத்தம் போடவில்லை. பிறகு என்னோடு குட்டியிடம் வந்து குந்தியிருந்தார்.

"சின்னன்," என்றார்.

"ஓம்."

"நொந்திருக்குமோ?"

"இல்லை. உடனேயே போயிட்டுது."

அவர் தலையாட்டினார். எழும்பும்போது என் முழங்கையைப் பிடித்து என்னையும் எழுப்பிவிட்டார்.

குதிரைக்காரி சிறிய வண்டியோடு மேலே வந்தாள். குட்டியைப் பார்த்தாள், குண்டு பட்ட இடத்தைப் பார்த்தாள், நல்லது என்றாள். "தாய் கூட இருந்திருக்குமே?"

"இருந்தது. திரும்பி வந்து நின்றது. நான் சுடவில்லை."

"அடுத்த முறை சுடவேண்டியிருக்கும்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. குட்டியின் வயிற்றைத் திறந்து உள்ளுறுப்புகளை எடுப்பதை அவளோடு சேர்ந்து நானும் செய்தேன். கணவர் கொஞ்சம் தள்ளிப் பையோடு நின்றார், ஆனால் போகவில்லை.

ஒரு தொடையை எங்களுக்குத் தந்தாள். சில நாள் குளிரில் தொங்கவிட்ட பிறகு, வறுத்த தூள் போட்டு நான்தான் சமைத்தேன். கணவர் சோற்றுக் கோப்பையில் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டார். ஆட்டிறைச்சியைவிட மென்மையாக இருக்கிறது என்றார். திரும்பப் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு வீட்டில் இருக்க முடியவில்லை. துவக்கும் பையும் இல்லாமல், குடை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு சரிவுக்குப் போனேன். தூறிக்கொண்டிருந்தது. எந்த மரத்தையும் நிமிர்ந்து பார்க்காமல் நேரே கன்றுகளுக்குப் போனேன். தாய் மான் அங்கே தனியாக நின்றது. என்னைக் காணவில்லை. ஓர் ஓக் கன்றின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தது.

அடுத்த முறையும் இங்கே நின்றால் சுடவேண்டியிருக்கும். நான் கைதட்டினேன். அது துள்ளிப் பாய்ந்து கொஞ்ச தூரம் ஓடி, நின்று திரும்பிப் பார்த்தது. போ என்று தமிழில் சொன்னேன். அது போகவில்லை. குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இன்னும் பலமாகத் தட்டினேன், விலா நோக நோக.